காலை கார்டிசால் 22.6: மனச்சோர்வுக்கு இதுதான் காரணமா?

குழாய்_எண்_4 (கேள்வி)

ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் "ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்" என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. காலை கார்டிசால், தைராய்டு, பி12, வைட்டமின் டி, சர்க்கரை எல்லாம் சேர்ந்தது. எடுக்க வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் 45 தாண்டியவர்கள். கார்டிசால் கொஞ்சம் கூடியிருந்தால் போதும், "ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறிப்போச்சு, அதான் டிப்ரஷன்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அடுத்து கார்டிசால் குறைக்கும் கேப்சூல் தேடிப் போகிறார்கள்.

பேசுவதற்கு வசதியாக ஒரு மாதிரி ரிப்போர்ட். வயது 48, பெண். சாம்பிள் எடுத்த நேரம் காலை 10.40. கார்டிசால் 22.6 மைக்ரோகிராம்/டெசிலிட்டர் (கூடம் போட்டிருக்கும் மேல் எல்லை 18.4). தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 0.3. பி12 அளவு 640. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.8. ரத்த அழுத்தம் 150/94. ஆறு மாதமாக மாதவிடாய் முன்னே பின்னே வருகிறது. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு, எதிலும் பிடிப்பில்லை, பி.எச்.கியூ-9 (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம்) மதிப்பெண் 14. எடை ஏறியிருக்கிறது. முடி கொட்டுவதற்கு பயோட்டின் 10 மி.கி., முழங்கால் வலிக்கு ஊரில் தரும் பெயரில்லாத பொடி, தொண்டைக்கு அதிமதுரக் கஷாயம்.

இந்த 22.6-ஐ எப்படிப் படிப்பது? இதற்கு மேல் எதைச் சோதிக்க வேண்டும், எதற்குச் செலவு வீண்?

பெஞ்ச்_பயோகெமிஸ்ட்

முதலில் அந்த 22.6 உண்மையான 22.6-ஆ என்று பார்ப்போம். எனக்கு நம்பிக்கை இல்லை.

கார்டிசால் ஒருநாளில் நேராக ஓடும் பொருள் இல்லை. விடியற்காலையில் ஏறத் தொடங்கி, எழுந்த அரை மணி முதல் முக்கால் மணிக்குள் உச்சத்துக்குப் போய், பகல் முழுக்க இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். 18.4 என்ற மேல் எல்லை காலை 6 முதல் 10 மணிக்குள் எடுத்த சாம்பிளுக்குச் சொல்லப்படுவது. 10.40-க்கு எடுத்ததை அதோடு ஒப்பிடுவதே தப்பு. மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு, ஊசிப் பயத்தோடு கையை நீட்டினாலும் அளவு ஏறும். 8 மணிக்கு வரச்சொல்லி, 20–30 நிமிடம் உட்காரவைத்து எடுக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றிவிடலாம்.

அடுத்தது பயோட்டின். பல கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்ளும் தன்மையை வைத்தே அளக்கின்றன. ரத்தத்தில் மாத்திரை பயோட்டின் மிதந்தால் கணக்கு குழம்பும். கார்டிசால், பி12, வைட்டமின் டி மாதிரிப் போட்டி முறையில் அளப்பவை பொய்யாகக் கூடிக் காட்டும், டி.எஸ்.எச். போல இரண்டு ஆன்டிபாடிக்கு நடுவே பிடித்து அளப்பவை பொய்யாகக் குறைத்துக் காட்டும். இப்போது ரிப்போர்ட்டை மறுபடி பாருங்கள்: கார்டிசால் மேலே, டி.எஸ்.எச். கீழே, பி12 ஜோராக. மூன்றும் ஒரே மாத்திரையின் வேலையாக இருக்கலாம். இதில் எனக்கு அதிகம் கவலை தருவது பி12. உண்மையில் 150 இருந்து 640 என்று காட்டினால், சோர்வுக்கு ஒரு சுலபமான காரணம் கண்ணெதிரே இருந்தும் தப்பிப்போகும். சைவச் சாப்பாட்டுக்காரர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் விஷயத்தில் இது அடிக்கடி முக்கியமாகிவிடும்.

10 மி.கி. சாப்பிடுபவர் 72 மணி நேரம் நிறுத்திவிட்டு மறு சாம்பிள் கொடுக்கட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தும், நம்மூர்ப் படிவங்களில் "முடி, நகத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா" என்ற வரி அபூர்வம்.

மூன்றாவது, கருத்தடை மாத்திரையோ வாய்வழி ஈஸ்ட்ரோஜனோ சாப்பிடுகிறாரா? கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தை அது கூட்டிவிடும். நாம் அளப்பது மொத்த கார்டிசால், ஆகவே அதுவும் ஏறித் தெரியும். உடம்பில் வேலை செய்யும் கட்டற்ற பங்கு அப்படியே இருக்கும்.

அந்தப் பொடியைப் பற்றி மருந்து தெரிந்தவர்கள் சொல்லட்டும். கூடத்துப் பக்கம் ஒன்று மட்டும்: ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு பல கிட்களில் கார்டிசால் மாதிரியே வேஷம் போட்டு அளவைக் கூட்டிக் காட்டும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுகள் அப்படித் தெரியாது. உள்ளே சுரப்பை அமுக்கிவிடுவதால் அளவு பாதாளத்துக்குப் போகும். ஆக, பொடியில் எது கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம்.

யாழ்_மருந்தாளர்

பொடி என்றதும் எழுதவேண்டும் போல இருந்தது. பெயரில்லாத மூட்டுவலிப் பொடி, இளைப்புக்குக் கொடுக்கிற லேபல் இல்லாத குளிசை, முகம் வெளுக்கப் பூசுகிற கிறீம், இந்த மூன்றையும் கேட்காமல் கார்டிசாலைப் பற்றிக் கதைக்கக் கூடாது. ஸ்டீராய்ட் கலந்த பொடியை அடையாளம் காண ஒரு வழி: பல வருச வலி இரண்டு நாளில் பறந்துவிடும், பசி கூடும், சில கிழமையில் முகம் உருண்டு வரும், சீனியும் பிரஷரும் ஏறும். மேலே சொன்ன 6.8-உம் 150/94-உம் இதோடு பொருந்துது. அதிமதுரத்தையும் விடாதேங்கோ. அதிலிருக்கிற கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்கிற என்சைமைத் தடுக்கும். நாளாந்தம் குடித்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

ஸ்டீராய்ட் மனதை இரண்டு விதமாகக் குழப்பும். தொடங்கிய முதல் நாட்களில் உற்சாகம், நித்திரையின்மை, எரிச்சல். நாட்பட்டால் சோர்வும் மறதியும். அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும்: 1972-இல் பொஸ்டன் கூட்டு மருந்துக் கண்காணிப்புத் திட்டம் வெளியிட்ட கணக்கில், ப்ரெட்னிசோன் நாளுக்கு 40 மி.கி. வரை எடுத்தவர்களில் 1.3 வீதம், 80 மி.கி.க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 வீதம் பேருக்கு மனநிலைப் பாதிப்பு. பொடியில் எத்தனை மில்லிகிராம் என்று ஆருக்குத் தெரியும்?

ஆனால் தயவுசெய்து "உடனே பொடியை நிப்பாட்டுங்கோ" என்று கவுண்டரில் சொல்லிவிடாதேங்கோ. மூன்று நான்கு கிழமைக்கு மேல் எடுத்திருந்தால் கார்டிசாலைச் சுரக்கிற அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சடுதியாக நிறுத்தினால் களைப்பு, வாந்தி, எழும்பினால் தலைச்சுற்று, சோடியம் இறக்கம். கடுமையானால் அது அவசர நோய், ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மி.கி. ஊசி தேவைப்படும். இந்தக் களைப்பையும் சனம் "டிப்ரஷன்" என்றுதான் சொல்லும். டொக்டர் ப்ரெட்னிசலோனுக்கு மாற்றி, படிப்படியாக நாளுக்கு 5 மி.கி. அளவுக்கு இறக்கி, பிறகு காலைக் கார்டிசால் பார்த்துத்தான் நிறுத்துவார். மாற்றுக் கணக்கு: டெக்ஸாமெத்தசோன் 0.75 = ப்ரெட்னிசலோன் 5 = ஹைட்ரோகோர்ட்டிசோன் 20 மி.கி. காலை 8 மணி அளவு 3-க்குக் கீழே என்றால் சுரப்பி வேலை செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளவேணும்.

குளோபெட்டசோல் என்ற ஸ்டீராய்ட் கிறீமும் சும்மா இல்லை. கிழமைக்கு 50 கிராமுக்கு மேல் பூசினால் தோல் வழியே போயே இதே வேலையைச் செய்யும்.

நாளமில்லாச்_சுரப்பி

மேலே இருவர் சொன்னதையும் சரிசெய்த பிறகும் கேள்வி மிச்சமிருந்தால்தான் எங்கள் துறைக்கு வேலை. எங்கள் கேள்வி ஒன்றே ஒன்று: இது குஷிங் நோயா, அதாவது உடம்பே கார்டிசாலை மிதமிஞ்சிச் சுரக்கும் நோயா?

ஏன் கேட்கிறோம் என்றால் குஷிங் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மனச்சோர்வு இருக்கும். சிலருக்கு அதுதான் முதல் அறிகுறி. நடுவயதில் எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு நான்கும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம், குஷிங் மிக அபூர்வம். எனவே பிரித்துக் காட்டும் அடையாளங்களைத் தேட வேண்டும். அடிபடாமலே கன்றிப்போகும் தோல். 1 செ.மீ.க்கு மேல் அகலமான, கருஞ்சிவப்பு ஊதா நிற வரிகள் (பிரசவத்துக்குப் பின் வயிற்றில் வரும் வெளிறிய கோடுகள் கணக்கில் சேராது). தரையில் குந்தியிருந்து கை ஊன்றாமல் எழ முடியாத அளவுக்குத் தொடைத் தசை பலவீனம். வயதுக்கு முந்திய எலும்பு முறிவு. வெறும் தொப்பையும் கவலையும் குஷிங் அல்ல.

அடையாளம் இருந்தால், தனி ஒரு காலை கார்டிசாலால் பிரயோஜனமில்லை. குஷிங்கிலும் காலை அளவு இயல்பாக இருக்கலாம். பழுதாவது இரவு இறக்கமும் தடைக் கட்டுப்பாடும். மூளை அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் ஒரு சமிக்ஞை அனுப்ப, பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரக்க, அட்ரினல் கார்டிசால் சுரக்கிறது. கார்டிசால் போதிய அளவு வந்ததும் மேலே போய் "போதும்" என்கிறது. அந்தப் "போதும்" கேட்கிறதா என்பதைத்தான் டெக்ஸாமெத்தசோன் சோதனை பார்க்கிறது. இரவு 11 மணிக்கு 1 மி.கி., அதாவது 0.5 மி.கி. மாத்திரை இரண்டு. மறுநாள் காலை 8–9 மணிக்கு ரத்தம். 1.8-க்குக் கீழே இறங்கினால் அநேகமாக குஷிங் இல்லை.

இறங்காவிட்டால் உடனே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். மாத்திரையை மறந்திருக்கலாம், 9 மணிக்கே போட்டிருக்கலாம். வலிப்பு மருந்தான ஃபெனிடாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மூன்றும் டெக்ஸாமெத்தசோனைக் கல்லீரலில் சீக்கிரம் எரித்துவிடும். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் என்றால் 6 வாரம் நிறுத்திய பிறகே செய்ய வேண்டும். பயோட்டின் இங்கேயும் கெடுக்கும். இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு "இரவு 11" என்பதே அர்த்தமில்லாத நேரம். தினம் குடிப்பவர், கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான மனச்சோர்வு, இவர்களுக்கும் லேசாக இறங்காமல் நிற்கும். அப்படி என்றால் அந்த நோயைச் சிகிச்சை செய்து, சில மாதம் கழித்துத் திரும்பச் செய்வோம். மனச்சோர்வால் ஏறிய கார்டிசால் அதோடு இறங்கும், குஷிங் இறங்காது.

ஸ்கேனை அவசரப்பட்டு எடுப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. நடுவயதில் அட்ரினலில் தீங்கில்லாத சிறு கட்டி பலருக்கு இருக்கும். அது கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதன் பின்னாலேயே அலைய வேண்டியதுதான்.

குழாய்_எண்_4

எல்லோருக்கும் நன்றி. கேட்கக் கேட்க எனக்கு வேறு சந்தேகம் வருகிறது: அப்படியானால் கார்டிசாலுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பே இல்லையா? கார்டிசாலைக் குறைத்தால் மனசு சரியாகும் என்று விற்கிறார்களே, அது முழுப் பொய்யா? அந்தப் பெண்மணிக்கு என்னதான் செய்வது?

மனநலம்_ஓ.பி

தொடர்பு இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற மாதிரி ஒற்றைத் திசையில் இல்லை.

மனச்சோர்வு உள்ளவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால் சராசரி கார்டிசால் கொஞ்சம் கூடுதல்தான். 2011-இல் 361 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஸ்டெட்லர், மில்லர் இருவரும் அதை உறுதிசெய்தார்கள். கூடவே, ஆய்வு எவ்வளவு கறாராக நடந்ததோ அவ்வளவுக்கு வித்தியாசம் சிறுத்துப்போனதையும் காட்டினார்கள். வார்டில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான, சாப்பாடும் தூக்கமும் போன, காலையில் மிக மோசமாகும் வகையில் ஏற்றம் தெளிவாகத் தெரியும். அதிகம் தூங்கி, அதிகம் சாப்பிட்டு, கை கால் ஈயமாகக் கனக்கும் வகையில் ஏற்றமே இருக்காது, சிலருக்குக் குறைவு. ஆக, இயல்பான எண்ணை வைத்து "உனக்கு மனச்சோர்வு இல்லை" என்று சொல்வதும் அதே அளவு அபத்தம். டெக்ஸாமெத்தசோன் சோதனையை மனச்சோர்வைக் கண்டறியவே பயன்படுத்தலாம் என்று 1981-இல் பெர்னார்ட் கேரல் குழு முன்வைத்து, உலகமே செய்து பார்த்தது. மனச்சோர்வு உள்ளவர்களில் பாதிப் பேரைக்கூடச் சரியாகப் பிடிக்காததால் வழக்கத்திலிருந்து போய்விட்டது.

காரணமா விளைவா என்றால், இரண்டும். நீண்டநாள் நெருக்கடியில் கார்டிசால் தொடர்ந்து ஊறினால், அதை ஏற்கும் வாங்கிகள் மந்தமாகி, "போதும்" என்ற சொல் மேலே எட்டாமல் போகிறது. மூளையில் ஹிப்போகாம்பஸ் அந்தத் தடைக்கு உதவும் பகுதி. நினைவாற்றலும் அதன் வேலை. அதனால்தான் சோர்வோடு மறதியும் வருகிறது. இன்னொரு பக்கம், மனச்சோர்வே தூக்கத்தைக் கெடுக்க, கெட்ட தூக்கம் மறுநாள் மாலை கார்டிசாலை இறங்கவிடாது.

நடுவயது இங்கேதான் நுழைகிறது. 16 முதல் 83 வயது வரை 149 ஆரோக்கியமான ஆண்களைப் பார்த்த ஒரு ஆய்வு (2000) காட்டியது: ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பங்கு நடுவயது வருவதற்குள்ளேயே போய்விடுகிறது; மாலை, இரவு கார்டிசால் ஏற்றம் 50-க்குப் பிறகு. பெண்களுக்கு இதே வயதில் ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாகக் குறைவதில்லை, தாறுமாறாக ஏறி இறங்குகிறது. மனசை ஆட்டுவது அந்த ஆட்டம்தான். இரவில் உடல் கொதித்து வியர்த்து விழித்தால் தூக்கமும் துண்டாகும். 45 தாண்டியவருக்கு மாதவிடாய் மாற்றமும் இந்தக் கொதிப்பும் இருந்தால், மாதவிடாய் நிற்கிறதா என்று பார்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் சோதனை தேவையில்லை, வாரத்துக்கு வாரம் மாறும் எண் அது. முன்பு ஒருமுறை மனச்சோர்வோ பிரசவத்துக்குப் பின் சோர்வோ வந்தவர்களுக்கு இந்தக் கட்டத்தில் ஆபத்து அதிகம். இதைக் கேட்பதற்குக் காசு ஆகாது, கார்டிசாலைவிட அதிகம் சொல்லும். குறட்டை விட்டு, மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பவரா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், பகல் தூக்கம், 3 மணி விழிப்பு மூன்றுக்கும் பின்னால் அந்த மூச்சுத்தடையே இருக்கலாம்.

கார்டிசாலைக் குறைத்தால் மனசு தேறுமா என்பதை நேராகவே சோதித்திருக்கிறார்கள். கார்டிசால் வாங்கியை அடைக்கும் மிஃபெப்ரிஸ்டோன், மனப்பிறழ்வு கலந்த மனச்சோர்வுக்கான பெரிய சோதனைகளில் இலக்கை எட்டவில்லை; 2012-இல் அதற்கு அமெரிக்காவில் கிடைத்த அனுமதி, குஷிங் நோயில் ஏறும் சர்க்கரைக்கு. உற்பத்தியையே தடுக்கும் மெட்டிராபோனை மனச்சோர்வு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்த சோதனை 2016-இல் வந்தது, பயன் இல்லை. இவ்வளவு வலுவான மருந்துகளே செய்யாததை ஒரு கேப்சூல் செய்யும் என்று நம்ப நான் தயாராக இல்லை. அந்தக் கேப்சூல்களில் பெரும்பாலும் இருப்பது அஸ்வகந்தா, நம் அமுக்கராதான். சிறு ஆய்வுகளில் கார்டிசாலும் பதற்றமும் ஓரளவு குறைந்தன. ஆனால் தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடும், அபூர்வமாகக் கல்லீரலைத் தாக்கும், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். மனச்சோர்வுச் சிகிச்சைக்குப் பதில் என்று அதைக் கொடுப்பது தப்பு.

இனி அந்தப் பெண்மணி. பி.எச்.கியூ-9-இல் 27-க்கு 14 என்றால் நடுத்தரம். 10 அல்லது அதற்கு மேல் என்றாலே முழுமையாகப் பார்க்க வேண்டும். ஆனால் மொத்தத்தைவிட ஒன்பதாவது கேள்வி முக்கியம்: செத்துப்போனால் தேவலை, தன்னை ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம். அதில் பூஜ்யம் இல்லாவிட்டால் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. குடும்பத்தாரோடு அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மனநல உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, இரண்டிலும் தமிழில் பேசலாம்.

மாத்திரைக்கு முன் கேட்க வேண்டியது, தூக்கமே தேவைப்படாமல் ஏகத்துக்கும் பேசி, செலவழித்துத் திரிந்த நாட்கள் எப்போதாவது உண்டா என்பது. இருமுனை நோயாக இருந்தால் வெறும் மனச்சோர்வு மாத்திரை மனசை மறுபக்கம் தூக்கி எறிந்துவிடும். இல்லையென்றால், பேச்சுச் சிகிச்சையோ மாத்திரையோ, இரண்டுமோ. எஸ்சிட்டலோபிராம் என்றால் 5 மி.கி.யில் ஒரு வாரம், பிறகு 10. முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரும், பெரும்பாலும் தானே அடங்கும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுதாக 6 முதல் 8 வாரம். பலர் தவறுவது அங்கேதான்: பத்தாம் நாளே "வேலை செய்யலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, மெல்லக் குறைத்தே நிறுத்த வேண்டும். இவருக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் ஒரு எச்சரிக்கை: தயசைடு வகை நீர்மாத்திரையோடு சேர்ந்தால் சோடியம் இறங்கலாம், இரண்டு வாரத்தில் சோடியம் பார்த்துவிடுவது நல்லது. முழங்காலுக்கு ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம். உடல் கொதிப்பும் தொல்லை தந்தால் வென்லாஃபாக்சின் இரண்டுக்கும் உதவும், ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. இவருக்கு அதை யோசித்துத்தான் எழுதுவேன். "தூங்கவாவது செய்யட்டும்" என்று அல்பிரசோலம் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது வேண்டாம். சில வாரத்தில் அது இல்லாமல் தூக்கமே வராது.

மாத்திரை இல்லாத பக்கத்தில், தூங்கப் போகும் நேரத்தைவிட எழும் நேரத்தைக் கட்டுங்கள். ஞாயிறு உட்பட ஒரே நேரம், எழுந்ததும் அரை மணி வெளிச்சத்தில் நடை. பகல் 2 மணிக்குப் பிறகு காபி, டீ இல்லை. 3 மணிக்கு விழித்துப் புரண்டுகொண்டிருந்தால் 20 நிமிடத்தில் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பிப் போகலாம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிட நடையை ஒரே மூச்சில் எதிர்பார்க்காதீர்கள். மனச்சோர்வில் "மனசு வந்தால் செய்யலாம்" என்று காத்திருந்தால் மனசு வராது; நேரம் குறித்து, பத்து நிமிடமாவது, மனசு இல்லாமலே செய்வதுதான் சிகிச்சை.

பெஞ்ச்_பயோகெமிஸ்ட்

மறு சாம்பிளுக்கு என்ன எழுதுவது என்று குழாய்_எண்_4 அடுத்துக் கேட்பார், அதனால் இப்போதே: பயோட்டின் 72 மணி நேரம் நிறுத்தி, காலை 8 மணிக்கு டி.எஸ்.எச்., கட்டற்ற டி4 (தைராய்டு ஹார்மோன்), பி12, முழு ரத்த எண்ணிக்கை, சோடியம், பொட்டாசியம். அதிமதுரம் குடிக்கிறார் என்பதால் பொட்டாசியத்தை விடக் கூடாது. கார்டிசாலை இந்தச் சீட்டில் சேர்ப்பது பொடிக்காக மட்டுமே. பொடி விவகாரம் இல்லையென்றால் அதை அடித்துவிடலாம். சீட்டின் ஓரத்தில் எடுத்த நேரம், கடைசியாகப் பயோட்டின் போட்ட நேரம், பொடி சாப்பிட்ட காலம் மூன்றையும் எழுதுங்கள். பொடிப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

யாழ்_மருந்தாளர்

அதோடு, மருத்துவரைப் பார்க்கிற வரைக்கும் பொடியை வழமைபோல எடுக்கட்டும் என்பதையும் சீட்டில் எழுதிவிடுங்கோ.